மலைக்கு வந்த சிரிப்பு

கையில் பார்லி இல்லாமல் எர்லிண்டா முற்றத்துக்கு வந்தால் செவலைக் கோழி ஓட்டம் பிடிக்கும். தீனி போட வரவில்லை, வாலில் இறகு பிடுங்க வந்திருக்கிறாள் என்று அதற்குத் தெரியும். "ஒண்ணே ஒண்ணுடி, மகராசி, நில்லுடி" என்று கெஞ்சிக்கொண்டே துரத்துவாள். ஐம்பத்திரண்டு வயது, ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று பாவாடை, தலையில் தொப்பி. எவ்வளவு ஓடினாலும் தொப்பி மட்டும் விழாது. பிடுங்கிய இறகின் நுனியைப் பல்லால் கடித்துச் சீவிவிட்டால் தூரிகை தயார்.

அவள் வரைவது செம்மறித் தோலில். முரசுக்குக் கட்டுவதுபோல் மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டிய தோல். ஊரில் பாதி வீடுகளில் இதே வேலைதான்: கிழங்கு வயல், சுமை தூக்கும் லாமா மிருகங்கள், திருவிழாக் கூட்டம், பின்னால் பனி மூடிய கோத்தோபாக்ஸி மலை. அந்த மலைக்குக் கண்ணும் மூக்கும் வாயும் வைப்பதும் எல்லோரும் செய்வதுதான். மற்றவர்கள் ஒரு முகத்தைப் பழகிக்கொண்டு காலமெல்லாம் அதையே வைப்பார்கள். எர்லிண்டாவுக்கு அது வராது. கடைசியில்தான் முகம் வைப்பாள், அதுவும் என்ன முகம் வரப்போகிறது என்று தெரியாமலே.

"எனக்கு என்ன வருத்தம்னு மலையப் பாத்தாத்தான் எனக்கே தெரியுது" என்பாள்.

கணவன் செகுண்டோ வயலிலிருந்து வந்ததும் அடுப்பைப் பார்ப்பதற்கு முன் தோலைப் பார்ப்பான். மலை உதட்டைப் பிதுக்கியிருந்தால் சத்தமில்லாமல் கிழங்கை உரித்துத் தின்றுவிட்டுப் படுத்துவிடுவான். ஒருமுறை மலையின் ஒரு கன்னம் உப்பி வந்தது. "அதுக்கென்ன பல்லு வலியா?" என்று கேலி செய்தான். மறுநாள் எர்லிண்டாவுக்குக் கடைவாய்ப்பல் வீங்கிவிட்டது. அதிலிருந்து அவன் மலையைக் கேலி செய்வதில்லை.

போன மாதம் மகள் லூசிலாவுக்குக் கல்யாணம். பெண்ணைப் பெற்றவள் ஒரு வாரம் முன்பிருந்தே அழ வேண்டும் என்பது அங்கே முறை. அழாதவளை ஊர் சும்மா விடாது. எர்லிண்டா ஒரு குறையும் வைக்கவில்லை. ஓடைக்கரையில் அழுதாள், சந்தைக்குப் போகிற லாரியில் அழுதாள். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு, சீதனமாகக் கொடுக்கவேண்டிய தோலில் மலைக்கு முகம் வைத்தாள். மலை பல் தெரியச் சிரித்தது.

பதறிப்போய் மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தாள். இரண்டாம் முறை வாயைக் கீழ்நோக்கி வளைத்துப் பார்த்தாள், கண் சிரித்தது. மூன்றாம் முறை மறுபடியும் பல்.

செகுண்டோ தலையில் கை வைத்துக்கொண்டான். "ஏ புள்ள, சம்பந்தியம்மா வீட்டுச் சுவத்துல தொங்கப்போறதுடி இது. பொண்ணு தொலஞ்சாப் போதும்னு இருந்திருக்கான்னு சொல்லுவா. நம்ம பிள்ளதான அங்க தலகுனிஞ்சு நிக்கணும்?"

எர்லிண்டா அந்த முகத்தை வெகுநேரம் பார்த்தாள். இவர்கள் வீட்டுக்கு ஒரே ஜன்னல். அதன் அடியில் லூசிலாவின் கட்டில்; அதில் உட்கார்ந்து பகல் முழுவதும் ஊராருக்குத் துணி தைப்பாள். எர்லிண்டா வாசற்படியில், காற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, தோலை மடியில் வைத்து வரைந்தே பழகிவிட்டாள். ஜன்னல் வெளிச்சத்துக்குத் தன் மனம் இத்தனை வருஷம் ஏங்கியிருக்கிறது என்பது அவளுக்கே இப்போதுதான் தெரிந்தது. வெட்கமாக இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது.

"பொண்ணு மேல பாசம் இல்லாமலா? ஆனா பொய் மூஞ்சி வெக்கக் கை வரமாட்டேங்குதே."

"கண்ணுல ஒரு ஓடையாவது விடேன்" என்றான் செகுண்டோ.

விட்டாள். பனி உருகி வழிவதுபோல் இடது கண்ணிலிருந்து ஒரு நீலக்கோடு. ஊர் வாயை அடைக்கத்தான் தொடங்கினாள். கோடு அடிவாரத்தைத் தொடுவதற்குள் அவள் கண்ணே நிறைந்துவிட்டது. அதற்குமேல் அவள் எதையும் துடைக்கவில்லை.

கல்யாணத்தன்று, கிழங்கும் வறுத்த கினிப்பன்றியும் பரிமாறி முடித்தபின் சீதனத்தைப் பிரித்தார்கள். எர்லிண்டா முறைப்படி ஓங்கி அழத் தொடங்கினாள். சம்பந்தியம்மா தோலை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தாள்.

"என்னது இது, அழுதுக்கிட்டே இளிக்குது?"

லூசிலா எழுந்து வந்து மலையைப் பார்த்தாள். அந்த முகத்தைப் பார்த்து வைத்துக்கொண்டே சின்ன வயதில் அடி வாங்காமல் தப்பித்தவள் அவள்.

"எங்கம்மா மூஞ்சிதான் அத்தை. அப்படியே மாட்டுங்க" என்றாள். பிறகு சிரிப்பை அடக்கிக்கொண்டு அம்மாவின் காதருகே குனிந்தாள். "ஏம்மா, என் கட்டில ஜன்னல்கிட்டேருந்து நகத்தியாச்சா?"

எர்லிண்டா ஒப்பாரியை நிறுத்தவில்லை. தொப்பி மட்டும் மேலும் கீழும் ஆடியது.