ரெஜினாவின் கை தெரிந்த திரை

அடையாறில் நாங்கள் வேலை பார்க்கும் ஸ்கேன் சென்டர், ஒரு நாள் முழுக்க ஒருவர் படத்தோடு இன்னொருவர் படத்தைக் கலந்து டாக்டர்களுக்குக் காட்டியது. ரெஜினா இருந்தவரை அது நடக்கவில்லை.

அவர் போன செய்தி திங்கட்கிழமை காலை வந்தது. லஸ்ஸில் பஸ்ஸுக்கு நின்றிருந்தேன். அவர் தம்பிதான் பேசினான். "அக்கா போய்ட்டா நைனா. டெங்கு. மூணே நாளு." மறுநாள் சாந்தோமில் அடக்கம்.

அவரைத் தெரிந்தவர்களுக்கு அவர் பிடிவாதமும் தெரியும். எக்ஸ்ரே படங்களைக் காட்டும் எங்கள் பழைய லினக்ஸ் கம்ப்யூட்டரில் ஓர் அமைப்பு உண்டு. படத்தைக் கிராபிக்ஸ் கார்டின் நினைவகத்தில் உடனே எழுதுவதா, கேச் என்ற தற்காலிக நினைவில் பிடித்துவைத்து அப்புறம் எழுதுவதா என்பதை அது முடிவுசெய்யும். பிடித்துவைத்தால் வேகம். ஆனால் படத்தின் சில கீற்றுகள் கார்டுக்குப் போய்ச் சேராது. அந்த இடத்தில் முந்தைய ஆளின் எலும்பே நிற்கும். ரெஜினா கேச்சை நிறுத்திவைத்திருந்தார். படம் மெதுவாகத்தான் விரியும்.

மேனேஜர் ஒருமுறை எல்லோர் முன்பும் கத்தினார். "இன்னாம்மா, படம் மாட்டுவண்டியில வருதா? வெளிய கூட்டம் நிக்குது."

"நிக்கட்டும் சார். உங்க நெஞ்சுல பக்கத்து வூட்டு மாமா எலும்பு வந்தா ஓகேவா?"

நாங்கள் சிரித்தோம். மேனேஜர் சிரிக்கவில்லை.

தினமும் முதல் நோயாளிக்கு முன்னால் ஒரு சோதனை நடக்கும். மோதிரத்தோடு எடுத்த தன் இடது கை எக்ஸ்ரேயைத் திரையில் போடுவார். அதன்மேல் வெறும் வெள்ளையைப் போடுவார். ஒரு கீற்றும் மிச்சமில்லை என்றால்தான் கதவைத் திறப்பார். "மொதல்ல நான் போவணும். அப்புறம்தான் அடுத்த ஆளு" என்பார்.

புதன்கிழமை காலை மேனேஜர் என்னிடம் கேச்சைப் போடச் சொன்னார். போட்டேன். தட்டியது என் விரல்தான். கம்ப்யூட்டர் எழும்போதே கைப்படம் தானாக வரும்படி ரெஜினா செய்துவைத்திருந்தார். அது மட்டும் வந்துபோனது. வெள்ளையைப் போட்டுப் பார்க்க யாருக்கும் நேரமில்லை. படங்கள் சட்சட்டென்று விரிந்தன. மேனேஜர் என் தோளில் தட்டினார்.

வியாழன் காலை முதல் ஆள் நொச்சிக்குப்பத்து மீன்கார அம்மா. நெஞ்சுப் படம் விரிந்தது. இடது நுரையீரலின் மேல் இரண்டு விரல் எலும்புகள் கிடந்தன. ஒன்றில் மோதிரம்.

கம்ப்யூட்டரை அணைத்து எழுப்பினேன். விரல்கள் இப்போது இதயத்துக்குப் பக்கத்தில் வந்திருந்தன.

"இன்னா கண்ணு, உள்ள இன்னா கீது?" என்றார் அந்த அம்மா.

கேச்சை நிறுத்தினேன். கை போய்விட்டது.

பயம் அதன் பிறகுதான் வந்தது. விரலாக இருந்ததால் கண்ணில் பட்டது. புதன்கிழமை நெஞ்சின் மேல் நெஞ்சு விழுந்திருந்தால் யார் கண்டுபிடித்திருப்பார்கள்? அன்றைக்கு 'ஒன்றுமில்லை, வீட்டுக்குப் போங்கள்' என்று டாக்டர் சொன்னது யாருடைய நெஞ்சைப் பார்த்து?

ரெஜினாவிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தக் காலைச் சோதனை. இப்போது நான் செய்கிறேன். அவர் கை வருகிறது, போகிறது. போகும்வரை கதவைத் திறப்பதில்லை.

சேமித்த படங்களில் தவறில்லை, திரையில்தான் தவறு. டாக்டர்கள் அவற்றை மறுபடி பார்த்து, வந்தவர்களைக் கூப்பிட்டுச் சொன்னால் போதும். மேனேஜரிடம் மூன்று முறை கேட்டுவிட்டேன். "ரெஜினா அஞ்சலி பேனருக்கு நல்ல போட்டோ இருந்தா அனுப்பு" என்றார் மேனேஜர்.

சார், இந்த அஞ்சலிக் குறிப்பை நீங்களும் படிப்பீர்கள். புதன்கிழமை வந்தவர்கள் எல்லோரையும் திரும்பக் கூப்பிடுங்கள்.