வேர்க்கிற கார்

என் வீட்டுக்காரர் அப்பாசாமிக்கு மலாய் நாட்டில் எங்கள் ஊரான காஜா பெராங்கில் இரண்டு பெயர். பெற்றவர்கள் வைத்தது ஒன்று. ஊர் வைத்தது பெலூசாமி. பெலூ என்றால் மலாயில் வேர்வை. ஒரு மனுசனுக்கு வேர்வைசாமி என்று பெயர் வைத்துக் கூப்பிட்டால் அவன் பெண்டாட்டிக்கு எப்படி இருக்கும்? நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சுருக்கென்று வரும். வந்தாலும் சொல்லத்தான் வேண்டும். என் தம்பி உயிர் தப்பியது அந்தப் பெயரால்.

அவர் கபீர் ராவுத்தரிடம் டிரைவராக இருந்தார். ராவுத்தருக்கு ஜாலான் துக்காங் எமாஸ் தெருவில், பிள்ளையார் கோயிலைத் தாண்டிப் பள்ளிவாசலுக்குப் போகிற வழியில் ஜவுளிக்கடை. கரும்பச்சை நிறத்தில் ஒரு மோரிஸ் கார் வைத்திருந்தார். ஜப்பான்காரன் வருகிறான் என்றதும் குடும்பத்தோடு நாகூருக்குக் கப்பலேறிவிட்டார்.

"அப்பாசாமி, வண்டி ஒன் பொறுப்பு. நான் வந்து சாவியத் திருப்புனா அது இருமாம எந்திரிக்கணும்."

இவ்வளவுதான் சொன்னார். இந்த மனுசன் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டார்.

காரைக் கொண்டுவந்து எங்கள் வீட்டுக்குப் பின்னால் அத்தாப்பு ஓலைக் கொட்டகையில் விட்டார். மறுநாளே நாலு சக்கரத்தையும் கழற்றிச் சாக்கில் சுற்றி மரவள்ளிக் கொல்லையில் புதைத்தார். வண்டி செங்கல் மேல் உட்கார்ந்தது. கார்களைப் பிடுங்க வந்த சோல்ஜர்கள் அதை ஒரு உதை உதைத்துவிட்டுப் போனார்கள். "ஆனை இருந்தாலும் ஆயிரம் பொன், செத்தாலும் ஆயிரம் பொன்" என்று இவர் என்னிடம் கண்ணடித்தார். அந்த ஆயிரம் பொன்னை வைத்துக்கொண்டு நாங்கள் மூன்று வேளையும் மரவள்ளி தின்றோம்.

ஜப்பான்காரனை ஏமாற்றியாயிற்று. ஈரத்தை ஏமாற்ற முடியவில்லை. மழை படக்கூடாது என்று கித்தான் துணியால் காரைச் சுற்றி இறுக்கிக் கட்டினார், பிரசவித்தவளுக்கு வயிற்றைக் கட்டுகிற மாதிரி. ஒரு மாதம் கழித்து அவிழ்த்தால் உள்ளே கண்ணாடி முழுக்க நீர் கோத்துச் சொட்டிக்கொண்டிருக்கிறது. தோல் சீட்டில் வெள்ளைப் பூசணம். கதவுக் கீலில் துரு. மண்தரையின் ஈரம் ஏறி, போக வழியில்லாமல் கித்தானுக்குள்ளேயே தங்கிவிட்டது. அவர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

அன்று முதல் தினம் விடிந்ததும் துணியும் கையுமாகக் கொட்டகைக்குப் போய்விடுவார். அதைப் பக்கத்து வீட்டு நல்லையா பார்த்திருக்கிறார். அவர் செட்டி கம்பத்துக்காரர், பல தலைமுறைக்கு முன்பே வந்து மலாய் பேசப் பழகிப்போன தமிழர்களின் ஊர் அது. நெற்றியில் விபூதி, இடுப்பில் சாரோங், வாயில் மலாய். பத்துச் சொல்லுக்கு ஒரு தமிழ்ச்சொல் விழுந்தால் அதிசயம். என்ன தினமும் துடைக்கிறாய் என்று அவர் கேட்க, இவர் தமிழை அப்படியே மலாயில் போட்டிருக்கிறார்.

"கெரெத்தா சாயா பெர்பெலூ."

என் காருக்கு வேர்க்கிறது! நாம் கண்ணாடி வேர்த்திருக்கு என்போம், அதில் ஒரு தப்பும் இல்லை. மலாயில் மனுசனுக்கும் மாட்டுக்கும்தான் வேர்க்குமாம். நல்லையா வேலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சாயந்தரத்துக்குள் கம்பம் முழுக்க என் வீட்டுக்காரர் பெலூசாமி ஆகிவிட்டார். சந்தையில் கீரை விற்கிறவள்கூட என்னைப் பார்த்து, "காருக்கு விசிறிவிடலியா?" என்று கேட்டாள். அன்று வீட்டுக்கு வந்து அவரைப் பிடிபிடியென்று பிடித்தேன்.

"அந்தப் பொணத்தத் தொடைக்கிற கையால எனக்கு ஒரு குடம் தண்ணி தூக்கித் தரக்கூடாதா?"

"ரெண்டும் செய்றேன் பொன்னு. கோவிச்சுக்காத."

இரண்டும் செய்தார், அதையும் சொல்ல வேண்டும்.

கித்தானைத் தூக்கி எறிந்தார். காற்றுப் போக அத்தாப்பை ஓரத்தில் பிரித்துவிட்டார். தரையில் கரித்தூள் பரப்பினார். கீல்களிலும் கைப்பிடிகளிலும் கிரீஸை அள்ளி அப்பினார். கடைசியாகக் கடலோரச் சூளைக்கு நடந்து போய், சுட்ட கிளிஞ்சல் சுண்ணாம்பை நீற்றாமல் கட்டிக்கட்டியாக வாங்கிவந்தார். பால் டின்களில் பாதி நிரப்பி சீட்டுக்கு அடியில் வைத்தார். சுண்ணாம்பு காற்றிலிருக்கிற ஈரத்தைக் குடித்துக் குடித்து, டின் வழியப் பொங்கி, மாவாக உதிர்ந்தது. உதிர்ந்ததை நான் வெற்றிலைக்கு எடுத்துக்கொண்டேன். பிறகு கண்ணாடி வேர்க்கவே இல்லை. நல்லையாவைக் கையைப் பிடித்து இழுத்துவந்து, விடியற்காலைக் குளிரில் உலர்ந்திருந்த கண்ணாடியைக் காட்டினார்.

"டெங்கோ! பெலூ தாடா! பாருங்க, வேர்வை இல்ல!"

நல்லையா கண்ணாடியில் விரலை ஓட்டிப் பார்த்துவிட்டு, தலையை ஆட்டிக்கொண்டு போனார். பெயரை மட்டும் மாற்றவில்லை.

அந்த நாட்களில் ஒரு மத்தியானம் நல்ல மழை. நான் அவருக்குக் கிழங்கு கொண்டுபோனேன். காருக்குள் ஸ்டேரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

"ஏறு பொன்னு. எங்க போகணும்?"

"சக்கரமில்லாம எங்க போறதாம்?"

"சக்கரம் இருந்தா ரோட்டுலதான் போகலாம்."

பின்சீட்டில் ஏறி முதலாளியம்மா மாதிரி உட்கார்ந்தேன். வேறென்ன செய்வது? கதவைச் சாத்தியதும் மழைச்சத்தம் தூரமாகப் போனது. அவர் ஓட்டினார். மணிக்கூண்டு வந்தது என்றார். பாலம் ஏறினோம் என்றார். ஆற்றில் படகுகள் விளக்கோடு நிற்கிறதாம், பார்த்துக்கொள் என்றார். பார்த்தேன். பிறகு கடலோர ரோடு, தென்னை, தென்னை, தென்னை. கடல் எங்கள் இடதுபக்கமே வந்துகொண்டிருந்தது. ரோட்டில் ஒரு சோல்ஜர் இல்லை, கிழங்கு இல்லை, பசி இல்லை. எனக்குக் கண் சொக்கிவிட்டது. விழித்தபோது கண்ணாடி முழுக்க வெள்ளையாக மூடி, நாங்கள் மேகத்துக்குள் நிற்பதுபோல இருந்தது.

"அய்யய்யோ, மறுபடி வேர்த்திருச்சே! சுண்ணாம்பு கெட்டுப்போச்சா?"

"இல்லடி. இது நம்ம மூச்சு. ரெண்டு பேரு உள்ள இருந்தா எந்தச் சுண்ணாம்பும் தாங்காது."

சொல்லிவிட்டு, துணியை எடுத்து நிதானமாகத் துடைத்தார். அதற்குப்பின் மழை பெய்தால் நானே கொட்டகைக்குப் போய் நின்றேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

என் தம்பி ராஜரத்தினம் செங் என்கிற ஊர்ப் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்தான். இருபத்துமூன்று வயது. சயாமில் ரயில்பாதை போட ஆள் பிடித்த வருசம் அது. இலவசமாகப் படம் காட்டுகிறோம் என்று தோட்டத்து ஆட்களைக் கூப்பிட்டு, வந்தவர்களை லோரியில் ஏற்றிவிட்டார்கள். இவன் லோரியிலிருந்து குதித்து, ரப்பர்க்காட்டு வழியாக ஓடி, கால் கிழிந்து எங்கள் வாசலில் வந்து விழுந்தான்.

"அக்கா, போனவங்க ஒருத்தரும் திரும்பலக்கா. என்னைய அனுப்பிராத."

எங்கே ஒளிப்பது? வீட்டில் தேடுவார்கள், பரணில் தேடுவார்கள், கிணற்றிலும் எட்டிப் பார்ப்பார்கள். செத்த காரை யார் பார்ப்பார்கள் என்றார் இவர். இரண்டு சீட்டுக்கும் நடுவில் அவனைப் படுக்கவைத்துச் சாக்கால் மூடினோம். சுண்ணாம்புத் தூள் மூக்கில் ஏறி இருமினான். இருமல் வெளியே கேட்டால் முடிந்தது கதை. அதனால் டின்களை எல்லாம் வெளியே எடுத்தோம். அங்கேதான் தப்புச் செய்தோம்.

மூன்றாம் நாள் காலை. ராத்திரி முழுக்கப் பெய்து ஓய்ந்த மழை. கொட்டகையில் பால் மாதிரி வெளிச்சம். ஒரு ஜப்பான் சோல்ஜர் வந்தான். கூடவே நல்லையா, கையில் ஓடிப்போனவர்களின் பெயர்ப்பட்டியல். அவரை வார்டு ஆபீசில் எழுத்து வேலைக்குப் பிடித்துப்போட்டிருந்தார்கள், கொஞ்சம் ஜப்பான் பாஷையும் பழகியிருந்தார். நாங்கள் இடுப்பு வளையக் கும்பிட்டு நின்றோம். வீட்டைக் கவிழ்த்துப் போட்டுத் தேடிவிட்டுக் கொட்டகைக்கு வந்தார்கள்.

கார் வேர்த்திருந்தது. கொஞ்சமா நஞ்சமா? நாலு பக்கமும் கண்ணாடி வெளுத்து, உள்ளே நீர் கோடுகோடாக வழிந்துகொண்டிருந்தது. சோல்ஜர் வெளியிலிருந்து துடைத்துப் பார்த்தான். போகவில்லை. உள்பக்கத்து ஈரம் எப்படிப் போகும்? மாரியாத்தா, அவன் மூச்சை நிறுத்து, இல்லை என் மூச்சை நிறுத்து என்று கும்பிட்டேன்.

சோல்ஜர் திரும்பி ஏதோ உறுமினான். என் வீட்டுக்காரருக்கு வாயில் வந்தது ஒரே ஒரு சொல்தான்.

"பெர்பெலூ, துவான்." வேர்க்குது, எசமான்.

நல்லையா கண்ணாடியைப் பார்த்தார். அவருக்குத் தெரியும். உலர்ந்த கண்ணாடியில் விரலை ஓட்டிப் பார்த்தவர் அவர். இந்தக் கார் வேர்ப்பதை நிறுத்தி எத்தனையோ மாதம் ஆயிற்று என்று அறிந்த மனுசன் எங்களைத் தவிர அவர் ஒருவர்தான். இப்போது வேர்த்தால் உள்ளே மூச்சு இருக்கிறது என்று புரியாதா?

அவர் சிரித்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, அன்றைக்கு வேலியோரம் சிரித்த அதே சிரிப்பு. சிரித்தபடியே சோல்ஜரிடம் தன் நெற்றியைத் துடைத்துக்காட்டி, காரைக் காட்டி, என் வீட்டுக்காரரைக் காட்டி, தலையருகே விரலைச் சுழற்றினார். பைத்தியம், இவன் காருக்கு வேர்க்குமாம், ஊருக்கே தெரியும். பெயர்கூடப் பெலூசாமி. சோல்ஜருக்கும் உதடு கோணியது. ஆனாலும் கைப்பிடியைப் பற்றினான். பற்றிய கை முழுக்கக் கறுப்புக் கிரீஸ். ஆத்திரத்தில் இவர் கன்னத்தில் ஒன்று விட்டு, இவர் சட்டையிலேயே கையைத் துடைத்தான். கதவைத் திறக்க மறந்தான்.

தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று நினைத்தேன். அவசரப்பட்டு நினைத்துவிட்டேன். சோல்ஜர் ஒரு விரலைத் தூக்கிக் காட்டினான். நல்லையாவின் சிரிப்பு நின்றுவிட்டது. ஓடிப்போனவன் கிடைக்கவில்லை என்றால் அவனுக்குப் பதிலாக இந்த வீட்டிலிருந்து ஓர் ஆள் என்று மெதுவாகச் சொன்னார்.

கண்ணாடிக்கு அந்தப்பக்கம் என் தம்பி. இந்தப்பக்கம் என் புருசன். நான் வாயைத் திறந்தால் ஒருவன் போவான், திறக்காவிட்டால் இன்னொருவர் போவார். நான் திறக்கவில்லை. அவர் என்னைத் திறக்கவிடவில்லை, அதற்குள் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு ஒரு அடி முன்னால் வந்துவிட்டார். நல்லையா தலை நிமிராமல் பெயர் எழுதினார்.

"கண்ணாடியத் தொடைச்சிரு பொன்னு. உள்பக்கம்."

கடைக்குப் போகிறவர் மாதிரி சொல்லிவிட்டுப் போனார்.

கதவைத் திறந்ததும் ராஜரத்தினம் வெளியே பாய்ந்தான். "நான் போறேன், மாமாவை விடச்சொல்றேன்" என்று ஓடப்பார்த்தான். இரண்டு கன்னத்திலும் அறைந்து உட்காரவைத்தேன். மறைப்பதற்கு என்ன? ஒரு மாதம் அவன் முகத்தைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை. சோறு போட்டேன், பேசவில்லை.

பிறகு நானே சூளைக்கு நடந்தேன். டின்களில் சுண்ணாம்பு மாற்றினேன், கிரீஸ் அப்பினேன், தினம் துடைத்தேன். மழை பெய்தால் பின்சீட்டில் உட்கார்ந்துகொள்வேன். பாலம் வரும், ஆறு வரும், தென்னை வரும். ஸ்டேரிங் மட்டும் தானாகத் திரும்பிக்கொண்டிருக்கும். வேர்வை கண்ணாடியில் பாதிக்குமேல் ஏறாது. ஒருத்தி மூச்சு எவ்வளவுக்கு வரும்?

சண்டை முடிந்து ஐந்து மாதம் ஆயிற்று. ஒருநாள் மத்தியானம் ராஜரத்தினம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தான். தம்பின் என்கிற ஊரிலிருந்து வருகிற ரயில்பாதையை ஜப்பான்காரன் பிடுங்கிச் சயாமுக்குக் கொண்டுபோய்விட்டதால், திரும்பி வருகிறவர்கள் லோரியில்தான் வந்து இறங்கினார்கள். அவன் தினம் போய் நின்றுகொண்டிருந்தான். அன்று சைக்கிளின் பின்னால் ஓர் எலும்புக்கூடு உட்கார்ந்திருந்தது. அது என்னைப் பார்த்துச் சிரித்ததும்தான் அடையாளம் தெரிந்தது.

வீட்டுக்குள் வரவில்லை. நேராகக் கொட்டகைக்குப் போனார். கதவுக் கீலை ஆட்டிப் பார்த்தார். துரு இல்லை. பின்சீட்டில் சாய்ந்தவர் எழுந்திருக்கவில்லை. குளிர்காய்ச்சல், பல் கிட்டித்துத் தூக்கித் தூக்கிப் போட்டது. இருந்த துணியெல்லாம் போர்த்தி, கதவுகளைச் சாத்தி, தலையை மடியில் வைத்துக்கொண்டேன். நெற்றியைத் தொட்டால் சூளைக் கல். வேர்த்தால் பிழைப்பார், வேர்க்காவிட்டால் இல்லை. சயாம் காய்ச்சலில் போனவர்களைப் பற்றி அதற்குள் நிறையக் கேட்டிருந்தேன். வெளியே மழை பிடித்துக்கொண்டது.

"ஓட்டவாங்க?" என்றேன். "நீங்க படுத்துக்குங்க, இன்னிக்கு நான் ஓட்டுறேன். இதோ மணிக்கூண்டு வந்திருச்சு. இதோ பாலம்."

தென்னைகளை ஒவ்வொன்றாக எண்ணினேன். எத்தனை எண்ணினேனோ, கண்ணாடி நாலும் வெளுத்து மூடிவிட்டது, மேல்விளிம்புவரைக்கும். அவர் நெற்றியில் கையை வைத்தேன். பிசுபிசுவென்று இருந்தது. புருவத்துக்கு மேலே ஒரு முத்து, அதன் பக்கத்தில் இன்னொன்று, பிறகு கழுத்தெல்லாம் நீராக ஓடியது.

வெளியே யாரோ கண்ணாடியைத் தட்டினார்கள். நல்லையாதான். தலையில் வாழையிலையோடு மழையில் நின்றுகொண்டிருந்தார். உள்ளே ஒன்றும் தெரியாமல், பயந்த குரலில் கேட்டார்.

"பெலூ?"

"பெலூ!" என்று கத்தினேன். அழுகையா சிரிப்பா என்று எனக்கே தெரியவில்லை.

மடியில் கிடந்தவர் கண்ணைத் திறந்து, கண்ணாடியைப் பார்த்து, துணிக்காகக் கையை நீட்டினார். துணி என் கையில்தான் இருந்தது. நான் தரவில்லை.