ஒரே ஞாயிற்றுக்கிழமையில் ஆறு நாள் யோகா

வலது கையைத் தோளுக்கு மேல் தூக்க முடியாமல் போய் நான்கு மாதமாகியிருந்தது. வகுப்பில் கரும்பலகையின் கீழ்ப்பாதியில் மட்டும் கணக்குப் போட்டேன். டவுன் பஸ்ஸில் மேல்கம்பியைப் பிடிக்க முடியாமல் யார் மீதாவது சாய்ந்து முறைப்பு வாங்கினேன். இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன். காலையில் என் தலையை என் வீட்டுக்காரர் வாரிவிட வேண்டியிருந்ததைத்தான் தாங்க முடியவில்லை. ஐம்பத்தோரு வயதில், பள்ளிக்கூடத்தையே அதட்டுகிற கணக்கு டீச்சர், தினமும் ஸ்டூலில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருப்பாள். அவர் இரும்புக்கடைக்காரர். கடையில் கம்பிச்சுருளை எப்படிக் கட்டுவாரோ அப்படியே என் முடியையும் இறுக்கிக் கட்டுவார். போதாததற்கு, கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம், “எங்க வீட்ல இப்ப தலை வாருற வேலை நம்மதுதாம்ப்பா” என்று பெருமை வேறு. எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

“தினமும் அசைக்கணும்மா, இல்லைன்னா இப்படியே நின்னு போயிரும்” என்றார் டாக்டர். அந்தச் சமயம் பார்த்து எங்கள் பள்ளியின் பி.டி. டீச்சர் யோகாவுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குரூப் தொடங்கினார். காலை ஆறு மணிக்குள் ஆசனம் போட்டு, போட்டோவைக் குரூப்பில் அனுப்ப வேண்டும். நானும் சேர்ந்தேன். ஊதா நிறத்தில் விரிப்பு, அதற்கொரு பை, அந்தப் பைக்குப் பொருத்தமாகத் தண்ணீர் பாட்டில் என்று எல்லாம் வாங்கினேன். யோகா மட்டும்தான் பாக்கி.

மூன்று நாள் செய்தேன். நான்காம் நாள் குழாயில் தண்ணீர் வந்தது. ஐந்தாம் நாள் வரவில்லை, அந்தக் கவலையில் செய்யவில்லை. ஆறாம் நாள், “என்ன டீச்சர், ஆளையே காணோம்?” என்று குரூப்பில் ஒருத்தி கேட்டாள், கூடவே கும்பிடுகிற கைப் படம் வேறு. என் கை இருந்த நிலைக்கு அதைப் பார்த்ததும் ஆத்திரம் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து வந்து, பிரியாணியும் சாப்பிட்ட பிறகு எனக்கு அந்தப் புத்தி வந்தது. ஒரே மத்தியானத்தில் ஆறு நாளுக்கான போட்டோவையும் எடுத்து வைத்துவிட்டால் என்ன? சாப்பிட்ட பிறகும் வஜ்ராசனத்தில் உட்காரலாமாம். அது பிரியாணிக்கும் பொருந்துமா என்று நான் யாரையும் கேட்கவில்லை. ஆறு சுடிதார் மாற்றினேன். ஒவ்வொரு முறையும் வலது கையை உள்ளே நுழைப்பதற்குள் உயிர் போய்விட்டது. அந்த வாரம் என் தோள் உருப்படியாக அசைந்தது அப்போது மட்டும்தான்.

“செத்த நேரம் சிரிச்ச மாதிரி இரு. வட்டிக்காரன் வந்து நிக்கிற மாதிரி மூஞ்சிய வச்சிருக்க” என்றார் போட்டோ எடுத்த என் வீட்டுக்காரர்.

திங்கள் முதல் தினம் ஒன்றாக அனுப்பினேன். ‘சூப்பர் மேடம்’, ‘செம டீச்சர்’ என்று கட்டைவிரல்கள் குவிந்தன. நானும் படுக்கையில் புரண்டபடியே மற்றவர்களுக்கு ‘சூப்பர்’ போட்டேன். எவள் எந்த ஆசனத்தில் இருந்தாள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

வியாழக்கிழமை மதியம் ஸ்டாஃப் ரூமில் பி.டி. டீச்சரும் நானும் மட்டும் இருந்தோம். அவர் போனை என் பக்கம் நீட்டினார்.

“டீச்சர், உங்க வீட்ல நாலு நாளா ஞாயித்துக்கெழமையாவே இருக்கு?”

பார்த்தேன். நான்கு போட்டோவிலும் என் தலைக்குப் பின்னால் தினசரி காலண்டர், சிவப்பு எழுத்தில் ஞாயிறு, கொட்டை கொட்டையாக.

“எங்க வீட்டுக்காரர் தேதி கிழிக்க மறந்துட்டாரு” என்றேன். பாவம், என் தலைக்கு அடுத்தபடியாக அந்த வீட்டில் அவர் ஒருநாளும் தவறாமல் செய்கிற வேலை அது ஒன்றுதான்.

டீச்சர் சிரிக்கவில்லை. “அத விடுங்க. நாலு போட்டோவுலயும் வலது கை மடிய விட்டு எந்திரிக்கவே இல்லையே. தூக்குங்க, பாப்போம்.”

தூக்கினேன். நெஞ்சுக்கு நேராக வந்து நின்றுவிட்டது.

“தலை யாரு வாரிவிடுறா?”

அதற்கு மேல் என்னால் சமாளிக்க முடியவில்லை. அழுதுவிட்டேன். நாலு மாதமாக என்னோடு டீ குடிக்கிறவர்கள், ‘சூப்பர்’ போடுகிறவர்கள் ஒருவர்கூட இதைக் கேட்டதில்லை. நானும் யாரிடமும் சொன்னதில்லை. அவ்வளவு வீறாப்பு.

காலி வகுப்பறைக்குக் கூட்டிப்போய் என்னைச் சுவர்ப்பக்கம் நிறுத்தினார். “வெரலாலயே சொவத்துல ஏறுங்க. மூச்ச இழுத்துக்கிட்டே மேல போங்க, விட்டுக்கிட்டே எறங்குங்க. இன்னைக்கி யோகா அம்புட்டுத்தான்.”

“இது யோகாவா?”

“ஞாயித்துக்கெழமை நீங்க செஞ்சது மட்டும் யோகாவா?”

சுவரில் விரலை வைத்து ஏறினேன். மறுநாளிலிருந்து பள்ளி மணி அடிப்பதற்கு முன் பத்து நிமிடம், தினமும் அதே சுவர். விரல் எட்டிய இடத்தில் அவர் சாக்பீஸால் கோடு போடுவார். சில நாள் கோடு முந்தைய நாளைவிடக் கீழே இறங்கும்; அன்றைக்கு என் வகுப்பில் பிள்ளைகள் பாடு திண்டாட்டம். வலித்தது, அலுத்தது, பி.டி. டீச்சரை மனசுக்குள் திட்டினேன். ஆனாலும் போனேன். ஊதா விரிப்பில் என் வீட்டுக்காரர் ஞாயிறு மதியம் குறட்டை விட்டார். எதையாவது தொடர்ந்து செய்தவர் அதில் அவர்தான்.

மழைக்காலம் முடிகிற சமயம், ஒரு காலை, என் வீட்டுக்காரர் வழக்கம்போல் சீப்போடு வந்து ஸ்டூலை இழுத்துப் போட்டார். நான் கண்ணாடி முன்னால் நின்றிருந்தேன். இரண்டு கையும் பின்னந்தலையில் இருந்தன. வலது தோள் சுள்ளென்று வலித்தது, கண்ணில் நீர் முட்டியது. ஆனால் கொண்டை முடிந்துவிட்டது.

தலையைச் சாய்த்துக் கொண்டையைப் பார்த்தார். பிறகு, “இம்புட்டுக் கோணலா இருக்கே, நான் சரி பண்ணி விடவா?” என்று கையை நீட்டினார்.

“கிட்ட வந்தீங்க, தெரியும் சேதி!”

அந்தக் கொண்டையோடுதான் பள்ளிக்கூடம் போனேன். சாயங்காலம் வரை ஒருத்தரையும் அதைத் தொட விடவில்லை.