கல்லோடு வந்த செடிகள்

செடிகளின் வேரில் ஒட்டியிருந்த மண்ணைப் பழைய பல் பிரஷ்ஷால் தட்டிக்கொண்டிருந்தாள் மகதலீனா. தென்னாப்பிரிக்காவில் நமக்வாலாந்தின் பாறை இடுக்குகளில் முளைக்கிற செடி. கொழுத்த இரண்டு இலைகள் ஒட்டிப்போய், கைக்குழந்தையின் கால்விரல் மாதிரி இருக்கும். ஊரில் பெயரே விரல்தான். விற்பதற்காகப் பிடுங்கும் திருடர்களிடமிருந்து போலீஸ் கைப்பற்றியவை பெட்டி பெட்டியாக இந்த நர்சரிக்கு வரும். மூன்று வருஷமாக இதே வேலை. அவளுக்கு வயது ஐம்பத்தாறு, முதுகுக்கு எழுபது.

"புருஷன் காலைக்கூட இப்படித் தொடச்சிருக்க மாட்டே," என்றாள் பக்கத்து மேசை சாரா.

"அந்தாளு விரலு இவ்வளவு லட்சணமா இருந்தாத்தானே."

அடுத்த காகிதச் சுருளைப் பிரித்தாள். செடியோடு ஒரு வெள்ளைக் கல் விழுந்தது. அதற்கடுத்ததிலும் ஒன்று. பெட்டி முழுக்க அப்படித்தான்.

"எவனோ கிறுக்கன், கல்லையும் சேத்து விக்கப் பாத்திருக்கான்!" சாரா சிரித்தாள்.

மகதலீனாவுக்குச் சிரிப்பு வரவில்லை. விரல் செடியைப் பிடுங்கினால் பக்கத்துக் கல்லையும் எடுத்துக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் கோபித்துக்கொண்டு செத்துப்போகும். இது அவள் அம்மாவின் பேச்சு. வேறு எந்த வீட்டிலும் அவள் கேட்டதில்லை. அம்மா பெற்றது இரண்டே பேர். இன்னொருத்தன் தம்பி அப்போலோஸ். அவன் வேலை பார்த்த சுரங்கம் மூடியதிலிருந்து அவனுக்குச் சாப்பாடு இவள் வீட்டில்தான்.

எந்த மலைச் செடி என்று தெரிந்தால் திரும்ப அங்கேயே நட்டுவிடுவார்கள். தெரியாதவை தட்டிலேயே கிடக்கும். பாதிக்கு மேல் அழுகிவிடும். அழுகியதை அள்ளிக் கொட்டுவதும் அவள் வேலைதான்.

சாயங்காலம் வீட்டில் தம்பி ஆட்டுக்கறிக் குழம்பில் ரொட்டியைத் தோய்த்துத் தின்றுகொண்டிருந்தான். தட்டுக்குப் பக்கத்தில், பெட்டியிலிருந்து கொண்டுவந்த கல்லை வைத்தாள்.

"எந்த மலைடா?"

"ஏன்க்கா, கறியில கல்லு கெடந்துச்சா?"

"வெளயாடாத. நான் யாருகிட்டயும் வாயத் தெறக்கல. மலையை மட்டும் சொல்லு. அடுத்த மாசம் பூக்கணும் அதுங்க."

அவன் மெல்லுவதை நிறுத்தினான். "உனக்கு எப்படித் தெரியும்னு கேப்பாங்க. அப்ப என்ன சொல்லுவே?"

வழியெல்லாம் அதைத்தான் யோசித்துக்கொண்டு வந்தாள்.

"நூறு உசுருடா. என்னால இனிமே அள்ளிக் கொட்ட முடியாது. எந்த மலை?"

மிச்ச ரொட்டியை வாயில் திணித்துக்கொண்டான். "இந்தக் கல்ல நீ பாக்கவேயில்ல," என்று அதை எடுத்துச் சட்டைப் பையில் போட்டான். தொப்பியைத் தேடி எடுத்து, கதவைச் சாத்தாமலே வெளியே போனான்.