பூமி உடுத்திய துணி

நாற்பத்தொரு பேப்பரிலும் ஒரே தப்பு. பூமி ஏன் சூடாகிறது என்ற கேள்விக்கு, எட்டாம் வகுப்பு மொத்தமும் "மேலே ஓட்டை விழுந்துவிட்டது" என்று எழுதி வைத்திருந்தது. ஓசோன் பாடத்தோடு குழப்பிக்கொண்டார்கள் என்று வேறு ஊர் வாத்தியார் விட்டுவிடுவார். சித்ரகலா டீச்சருக்குக் காரணம் தெரியும். பெற்றவர்களில் பாதிப்பேர் திருப்பூர் பனியன் கம்பெனிகளில் செக்கிங், அதாவது துணியில் பழுது தேடும் வேலை, பார்க்கிறவர்கள். பழுது என்றாலே அந்த வீடுகளில் முதலில் தேடுவது ஓட்டையைத்தான்.

அது அவருக்கு எப்படித் தெரியும் என்பது மட்டும் யாருக்கும் தெரியாது. அவிநாசிப் பக்கம் ஒரு கம்பெனியில் ஆறு வருடம் செக்கிங் மேசையில் நின்றுகொண்டே அஞ்சல் வழியில் படித்து வந்தவர் அவர். துணி பார்த்தவள் பாடம் நடத்துகிறாளா என்று யாராவது சிரித்துவிட்டால்? இந்தப் பள்ளியில் சேர்ந்த நாளிலிருந்து இந்த 2008 வரை, ஐந்து வருடமாக, அந்தப் பயம் அவர் வாயைக் கட்டியிருந்தது.

புத்தகமோ பனிக்கரடியைக் காட்டியது. திருப்பூர்ப் பிள்ளைகளுக்குப் பனிக்கரடி என்ன மாமனா மச்சானா? அடுத்த நாள் இரண்டு டம்ளர் வெந்நீரோடு வந்தார் டீச்சர். ஒன்றை மெல்லிய பனியன் துணியாலும் மற்றதைத் தடித்த துணியாலும் சுற்றி வைத்தார். அரை மணி கழித்துப் பிள்ளைகள் விரல் விட்டுப் பார்த்தார்கள். தடித்த துணிக்குள் இருந்த தண்ணீர் இன்னும் சுட்டது.

"ஓட்டையால இல்ல கண்ணுகளா. நாம விடற புகையால பூமி மேல இருக்கற துணி கனத்துப் போச்சு. இது நூத்தி நாப்பது ஜி.எஸ்.எம்., இது எரநூத்தி எம்பது." சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்ற அந்தத் துணிக் கனக் கணக்கை விரலால் தடவியே சொல்லிவிட்டார்.

வகுப்பே வாயைப் பிளந்தது. கவிப்பிரியா எழுந்தாள். "எங்கம்மாவும் இப்படித்தான் தொட்டே சொல்லுமுங்க. உங்களுக்கு எப்படீங்க டீச்சர்?"

பொய் சொல்ல வரவில்லை. "நானும் செக்கிங்ல நின்னவதான் கண்ணு. ஆறு வருசம்."

யாரும் சிரிக்கவில்லை. கவிப்பிரியா ஜன்னல் வழியே சாயப்பட்டறைப் புகைபோக்கியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "எங்கப்பன் அங்க பாய்லருக்கு வெறகு போடறாருங்க. அவரும் அந்தத் துணியக் கனமாக்கறாருங்களா?"

"அவரும்தான். நான் வர்ற பஸ்ஸும்தான்."

"கம்பெனில ஜி.எஸ்.எம். கூடிப்போனா மிஷின நிறுத்திச் சரி பண்ணுவாங்களே டீச்சர். இத எங்கீங்க நிறுத்தறது?"

பதின்மூன்று வயதுப் பிள்ளை இப்படியும் கேட்குமா! பதில் அவரிடம் முழுசாக இல்லை. இல்லை என்றே சொன்னார். சேர்ந்து தேடலாம் என்றார்.

மறுநாள் காலை கவிப்பிரியாவின் அம்மா மருதம்மாள் பள்ளி வாசலில் நின்றாள். சிரிக்கத்தான் வந்திருக்கிறாளோ என்று டீச்சர் நடையைக் குறைத்தார்.

"பாடமெல்லாம் புள்ள எங்களுக்கும் சொல்லுச்சுங்க டீச்சர். உங்களப் பத்தியும்." மருதம்மாள் அவர் கையைப் பிடித்து விரல்களைத் தடவிப் பார்த்தாள். "எங்க மேசையில நின்ன கைங்களா இது? இத்தன நாளா ஏனுங்க சொல்லாம இருந்தீங்க? தெரிஞ்சிருந்தா, செக்கிங்ல நின்னவங்களும் டீச்சர் ஆகலாம்னு எம்புள்ளைகிட்ட தெனமும் சொல்லிச் சொல்லி வளத்திருப்பனுங்களே."