கட்டி

சிராங்கூன் சாலையில் பேருந்துக் கதவு சீறி மூடினால் எனக்கு அண்ணனின் நெஞ்சு ஞாபகம் வந்துவிடும். செம்பவாங் கப்பல் பட்டறையில் முப்பது வருடம் பெயின்ட் அடித்த நெஞ்சு. மூச்சு விடும்போதெல்லாம் உள்ளே யாரோ விசிலடிப்பார்கள்.

மூச்சுக்குழாய்க்குள் கேமரா விட்டுத் திசுவைக் கிள்ளி எடுத்திருந்தார்கள். முடிவு சொல்லும் நாளில் நானும் உடன் போனேன். டாக்டர் இங்கேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். எங்களுக்காகத் தமிழில் பேசினாள், தாளில் வரைந்தாள். குழாயின் முன்பக்கம் குருத்தெலும்பு வளையங்கள். பின்பக்கம் வளையம் மூடாமல் வெறும் தசை, சோறு இறங்கும் குழாய்க்கு இடம்விட்டு. கீழே போகப் போகக் கிளைக்குள் கிளை. உட்சுவரில் கண்ணுக்குத் தெரியாத முடிகள். காற்றில் சாயும் லாலாங் புல்லாக ஒரே திசையில் அலையடித்துச் சளியை மேலே தள்ளுமாம். அண்ணனுக்கு அந்தப் புல் பல இடங்களில் வழுக்கை.

"அப்புறம் அங்கிள், சுவரெல்லாம் கட்டியாயிருச்சு லா."

அண்ணன் தலையாட்டினான், பஸ் நம்பர் கேட்டுக்கொண்டவன் மாதிரி. அங்கேதான் எனக்குச் சந்தேகம். அவனுக்கு முன்பே தெரியுமோ? டிஷ்யூப் பெட்டியை அவள் எதற்கு என் பக்கம் நகர்த்தினாள்? எழுதித் தந்தது வெறும் இன்ஹேலர். கட்டிக்கு இதுவா மருந்து? எல்லோரும் சேர்ந்து என்னிடம் எதையோ மூடுகிறார்கள்.

அண்ணனை வெளியே உட்காரவைத்துவிட்டு மறுபடி உள்ளே போனேன்.

"கட்டி எவ்வளவு பெருசும்மா? மறைக்காம சொல்லு."

அவள் முழித்தாள். "ஐயோ அன்ட்டி, டியூமர் இல்ல! திக்! கட்டித் தயிர்னு சொல்வோம்ல, அந்தக் கட்டி. சுவர் தடிச்சிருக்கு, அவ்வளவுதான். ரிப்போர்ட்ல கேன்சர் இல்லவே இல்ல."

வெளியே வந்து சொன்னேன். அண்ணன் சிரித்தான், இருமினான், கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"நீயும் அப்படித்தான் நெனச்சியா? அப்புறம் எதுக்குத் தலையாட்டுன?" என்றேன்.

"நீ பயந்துருவேன்னுதான். அதுவும் உனக்கு முன்னாடியே தெரியும், நீயும் உன் அண்ணியும் சேர்ந்து மறைக்கிறீங்கன்னு பாத்தேன்."

"நல்லா பாத்த போ!"

லிட்டில் இந்தியா ஸ்டேஷன் வரை சேர்ந்து நடந்தோம். அவன் செங்காங்குக்கு ரயில், நான் தோ பாயோவுக்கு பஸ். கார்டைத் தட்டி உள்ளே போனவனைக் கூப்பிட்டேன்.

"அண்ணிகிட்ட திக்குன்னு சொல்லு. கட்டின்னு சொல்லித் தொலைச்சிராத. அவங்க உன்னை மாதிரி தலையாட்ட மாட்டாங்க."