வாளி நிறைய சூப்

போன மாதம் காலமான பட்டாளத்து அண்ணன், ராணுவத்தில் துப்பாக்கியைவிடக் கரண்டியைத்தான் அதிகம் பிடித்தவர். முகாமின் சமையல்காரர். ஓய்வு பெற்று வீட்டோடு வந்தபோது, மகளுக்கு அவர் லீவில் வந்துபோகும் விருந்தாளி மாதிரிதான்!

"அப்பா, நீங்க எப்ப கிளம்புவீங்க?" என்று ஒருநாள் அவள் கேட்டதில் மனுஷன் ஆடிப்போய்விட்டார். பிள்ளையிடம் எப்படி ஒட்டிக்கொள்வது என்றே அவருக்குத் தெரியவில்லை.

மனைவி காய்ச்சலில் படுத்ததும் அவரே சூப் வைத்தார். பழகின கை சும்மா இருக்குமா? முகாமுக்கு அளக்கிற மாதிரியே அள்ளிப் போட்டுவிட்டார். அண்டா, குடம், வாளி எல்லாம் சூப்!

"எதிரிப் படையையும் சாப்பிடக் கூப்பிட்டிருக்கீங்களா?" என்றாள் மனைவி போர்வைக்குள்ளிருந்து.

அவர் அசடு வழிய நின்றார். மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு தானாகவே வந்து அவர் கையைப் பிடித்தாள்.

"வாங்கப்பா, எல்லாருக்கும் குடுக்கலாம்."

அவர் வாளியைத் தூக்கிக்கொண்டு பின்னால் போக, அவள் கரண்டியோடு முன்னால் நடந்தாள். வாசலுக்கு வாசல் ஒரே முழக்கம்: "எங்கப்பா செஞ்சது! இனிமே எங்க வீட்லதான் இருப்பாரு!"

"அப்படியா அண்ணே?" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

"மேலிடத்து உத்தரவும்மா, மீற முடியுமா?" என்றார். கண்ணால் மகளைக் காட்டினார்.